செத்த குதிரைக்குக் கொள்ளு வேண்டாம்

அமலோற்பவம் இறந்து முப்பதாம் நாள் காலையில், கோயிலில் அவளுக்கான பூசை முடிந்து சனங்கள் வீடு திரும்பியபோது, ஈரப்பாறை என்னும் அந்த மலையூரில், ஏரியைச் சுற்றிக் குடியிருந்த குதிரைக்காரர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. சில வாசல்களில் இரண்டு நின்றன. சவாரிச் சங்கத் தலைவர் சீனிராசு வீட்டு முன்னால் வாசல் போதாமல் ஒன்றன் பின் ஒன்றாகத் தெருமுனை வரைக்கும் நின்றன. எல்லாம் செத்த குதிரைகள். எல்லாம் அமலோற்பவம் தன் கையால் குழி வெட்டிப் புதைத்த குதிரைகள். முதுகில் அவள் தைத்துப் போர்த்திப் புதைத்த ஒட்டுப் போர்வை, போர்வையில் கொஞ்சம் மண், பிடரியில் ஒன்றிரண்டு வேர், அவ்வளவுதான். மற்றபடி நேற்று மேயப் போய் இன்று திரும்பிய குதிரைகள் மாதிரியே இருந்தன.

வேலுத்தாய்க்கு ஆச்சரியம் வரவில்லை. கோபம்தான் வந்தது, முப்பது நாளாக வந்துகொண்டிருந்த அதே கோபம். அமலோற்பவத்தின் தையல் கடையில் இரண்டாவது மிஷினில் தைக்க வந்தவள் அவள். வந்தபோது தாவணி, இப்போது தலை முக்கால்வாசி நரை. இத்தனை காலமும் அக்கா அக்கா என்று அந்த ஒருத்தியின் முகத்தைப் பார்த்தே பிழைத்தவள். அக்காவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கே ஏரி வாசலில் இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டிவிட்டார்கள். 'கண்ணீர் அஞ்சலி. குதிரைகளின் தாயே, எங்களை விட்டு எங்கே சென்றாய்?' மேலே ரேஷன் கார்டிலிருந்து எடுத்து ஊதிப் பெரிதாக்கிய அமலோற்பவத்தின் முகம், கீழே கைகூப்பிய சங்கத்து ஆட்களின் வரிசை, அதில் சீனிராசு மட்டும் கூலிங்கிளாஸோடு முழு ஆளாக.

"எங்கே சென்றாய்னு கேக்குறான் பாரு," என்று பேனருக்குக் கீழே நின்று வேலுத்தாய் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "நீ தள்ளிவிட்ட குதிரைக்குக் குழி வெட்டப் போனாடா. அங்கதான் சென்றா." கேட்டவர்கள், பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

துக்கத்தில் பேசவில்லை, நடந்ததைத்தான் பேசினாள். ஈரப்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. வருசக்கணக்காக ஏரியைச் சுற்றிச் சவாரி தூக்கிச் சம்பாதித்துக் கொடுத்த குதிரைக்கு வயதாகிவிட்டால், அல்லது கால் பிசகிவிட்டால், குதிரைக்காரன் அதை விற்க மாட்டான், வாங்க ஆள் கிடையாது. கொல்லவும் மாட்டான், பாவம் என்பான். கடிவாளத்தைக் கழற்றி மடியில் சுருட்டிக்கொண்டு, அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாயங்காலமாக மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓட்டிவிட்டு வந்துவிடுவான். அதற்கு 'சாமிக்கு விடுறது' என்று பெயர். சாமி வந்து அதற்கு ஒரு பிடி புல் போட்டதை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. அது அழுகின முட்டைக்கோசையும் கேரிபேக்கையும் தின்று, வயிறு உப்பி, எங்கேயாவது சாக்கடை ஓரத்தில் சாயும். விட்டுவிட்டு வந்தவன் அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவான், ஏனென்றால் அவன் சாமிக்கல்லவா விட்டிருக்கிறான்.

அமலோற்பவத்தின் அப்பாவும் குதிரைக்காரர்தான். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில், அவள் ஏறி விளையாடி வளர்ந்த செம்பட்டைக் குதிரையை அவரும் ஒருநாள் சாமிக்கு விட்டார். மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மார்க்கெட்டுக்குப் போய், தன் சடையில் இருந்த ரிப்பனை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டி, ஊர் பார்க்க நடத்திக் கூட்டிவந்து வீட்டு முன்னால் நிறுத்தினாள். "சாமிக்குத்தானப்பா விட்டீக? சாமி வேணாம்னு சொல்லிருச்சு. நான் வெச்சுக்கிறேன்," என்றாள். அப்பா அடித்தார். அடி வாங்கிக்கொண்டே ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பிடித்த ரிப்பனை அவள் கடைசிவரை விடவில்லை. கல்யாணம் கட்டவில்லை, தையல் கற்றாள், சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கி முன்னால் கடையும் பின்னால் கொட்டகையும் போட்டாள், ஊர் சாமிக்கு விட்டதையெல்லாம் இவள் போய்ப் போய்க் கூட்டிவந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில், கூலி கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீருடை அவள்தான் தைத்துக் கொடுப்பாள். பிள்ளை பெறப் போகிறவள் வழியில் எதிர்ப்பட்டால், மறுநாள் அந்தப் பெண் வீட்டுக் கொடியில் இவள் தைத்த சின்னச் சின்னச் சட்டைகள் தொங்கும். தன் ஸ்வெட்டரை எவளுக்காவது கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு வருவாள், வேலுத்தாய் திட்டுவாள், "எனக்கென்னடி, நான் குதிரைக்குப் பக்கத்துல படுத்துக்குவேன்," என்பாள். உடைந்த குடைகளின் கறுப்புத் துணியில் குதிரைகளுக்கு மழைத்தொப்பி தைப்பாள், காதுக்கு இரண்டு ஓட்டை வைத்து. மழைக்காலத்தில் அவள் குதிரைகள் வரிசையாகப் போனால் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல்கள் மாதிரி இருக்கும், ஊரே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எல்லாவற்றையும் விட அந்தப் போர்வைகள். துணி வெட்டும்போது விழும் மிச்சத்தை, "இதை நான் வெச்சுக்கட்டுமாத்தா?" என்று கொடுத்தவர்களிடமே கேட்பாள், வேண்டும் என்றவர்களுக்குத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிடுவாள், வைத்துக்கொள் என்றவர்களுடையதை ஒன்றோடு ஒன்று ஒட்டுப் போட்டுக் குதிரைக்குப் போர்வை தைப்பாள். முகூர்த்தப் பட்டு, காக்கிச் சீருடை, திரைச்சீலை, பாவாடை நாடா, போலீஸ்காரர் பேண்ட், எல்லாம் அதில் இருக்கும்; ஓரத்தில் மஞ்சள் நூலால் அந்தக் குதிரையின் பெயர் இருக்கும், குதிரைக்காரர்கள் வைத்த ராஜா, ராக்கெட் எல்லாம் இல்லை, அவளாக வைத்த பெயர், மணியார்டர் என்று ஒன்று, ஞாயித்துக்கிழமை என்று ஒன்று, தாசில்தார் என்று ஒன்று. அந்தக் குதிரை செத்தால் அந்தப் போர்வையைப் போர்த்தி, குழியில் இறங்கி, அதன் காதில் பெயரைச் சொல்லி, "போதும், படு," என்பாள். அதற்குப் பிறகுதான் மண் தள்ளுவாள்.

பங்குனியில் நேரம் கெட்ட நேரத்தில் பெய்த மழையில் சீனிராசு ஒரு வெள்ளைக் குதிரையைச் சாமிக்கு விட்டான். அமலோற்பவம் கொட்டகைக்குக் கொண்டுவந்தபோதே அதற்கு மூச்சு இழுத்தது. கொஞ்ச நாளில் செத்தது. அடைமழையில் தனியாகக் குழி வெட்டினாள். ஆள் அனுப்பு என்று வேலுத்தாய் போய் சீனிராசுவைக் கேட்டதற்கு, "சாமிக்கு விட்டாச்சுக்கா, இனி எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல," என்றான். வெட்டி முடித்துப் புதைத்துவிட்டு வந்து படுத்தவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் இறங்காமல், அந்த வாரமே போய்விட்டாள். அவன்தான் பேனரில் முழு ஆளாகக் கைகூப்பி நிற்கிறான்.

ஆகவே செத்த குதிரைகள் வாசல்களில் வந்து நின்றபோது, நிற்கட்டும் என்று வேலுத்தாய் விட்டுவிட்டாள். பெயர் சொல்லிப் படுக்கவைக்க அவளுக்குத் தெரியும். ஆனால் இவனுகள் கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கட்டும், பார்த்து வெட்கப்படட்டும், வெட்கப்பட்டு மாறட்டும் என்று நினைத்தாள். இந்த ஊரைப் பற்றி அவ்வளவு நல்லபடியாக நினைத்தது அவள் செய்த பெரிய தப்பு.

முதல் நாள் ஊர் பயந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், மிளகாய் சுற்றிப் போட்டார்கள், குதிரைகள் நின்றன. மறுநாள் மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். குதிரைகள் மாலையையும் தின்னவில்லை. கால்நடை டாக்டர் வந்து ஒவ்வொன்றின் நெஞ்சிலும் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, உயிர் இல்லை, மற்றபடி ஆரோக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அதற்கப்புறம் ஊருக்குப் பழகிவிட்டது. பெண்கள் குதிரைக் கழுத்திலிருந்து கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். பிள்ளைகள் அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதினார்கள். பால்காரர் கேனை அதன் முதுகில் வைத்துவிட்டுச் சில்லறை தேடினார். ஒன்றுமே வராத வாசல்காரர்களுக்குக் கொஞ்சம் பொறாமை கூட வந்தது.

பிறகு ஒருநாள் சீனிராசு வாசலில் உட்கார்ந்து பல் துலக்கியபடி தன் செத்த குதிரைகளை ரொம்ப நேரம் பார்த்தான். இது தின்பதில்லை. குடிப்பதில்லை. சாணி போடுவதில்லை. களைப்பதில்லை, நொண்டுவதில்லை, லாடம் கூட வேண்டாம். சீசன் வேறு தொடங்கப்போகிறது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு எழுந்தான்.

அந்த வாரமே செத்த குதிரைகள் ஏரியைச் சுற்றத் தொடங்கின. காலையில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சுற்றின, நிற்காமல், மூச்சு வாங்காமல்; மலையேறி வந்த சனம் வரிசையில் நின்று ஏறியது, குழந்தையை ஏற்றிப் போட்டோ எடுத்தது, என்ன இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சிரித்தது. சங்கம் பேனரில் ஒரு வரி சேர்த்தது: 'அன்னை அமலோற்பவத்தின் அருளால் அதிசயக் குதிரை சவாரி.' இரவானால் குதிரைகள் தானாக அவரவர் வாசலுக்குத் திரும்பின. அழுக்காகத் தெரிகிறதென்று அவற்றின் ஒட்டுப் போர்வைகளை உருவி ஏரியோரக் குப்பையில் குவித்துவிட்டு, ஜிகினா வைத்த புதுச் சேணம் போட்டார்கள்.

போர்வைகள் குப்பையில் கிடப்பதைக் கேள்விப்பட்டு வேலுத்தாய் ஓடினாள். அவளுக்கு முன்னால் அங்கே ஒரு கூட்டம் நின்றது. லாட்ஜ்காரர் மனைவி சாந்தகுமாரி ஒரு போர்வையை விரல் நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தா பாருங்க, என் நிச்சயதார்த்தப் பட்டு ஜாக்கெட் துணி. மிச்சம் இல்லைனு சொல்லி அமுக்கியிருக்கா. செத்தவளைச் சொல்லக்கூடாது, ஆனா கை சுத்தம் இல்ல," என்றாள். ஆமாம், இது என் பாவாடை, இது எங்க வீட்டுத் திரை என்று இன்னும் சில குரல்கள் எழுந்தன.

வேலுத்தாய் அவள் கையிலிருந்து போர்வையைப் பிடுங்கினாள். "அந்த மிச்சத் துணியை நீதான் வெச்சுக்கச் சொன்ன. நான் பக்கத்து மிஷின்ல உக்காந்திருந்தேன். உன் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்தப்ப பொட்டி நிறையத் தச்சுக் கொடுத்தாளே, அதுக்கு யாரு துணி? ஒரு வாயி காப்பி கொடுத்தியாடி அவளுக்கு? ஊர்ல இருக்குற கிழிசலையெல்லாம் சேத்துத் தச்சவ அவ. கை சுத்தம் இல்லையாமே! த்தூ!" அவள் துப்பியது தரையில்தான் விழுந்தது, ஆனாலும் சாந்தகுமாரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போர்வைகளை மூட்டை கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பும் வழியில்தான் அவள் அதைப் பார்த்தாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் குதிரைகள் நின்றன. உயிருள்ள குதிரைகள். கிழட்டுக் குதிரைகள் இல்லை, நொண்டி இல்லை. நேற்றுவரை சவாரி போன இளங்குதிரைகள், வயிற்றில் பிள்ளை தாங்கிய பெட்டை கூட ஒன்று. கழுத்தில் கயிறு இல்லாமல், கேரிபேக்கை மென்றபடி, தூறலில் நனைந்துகொண்டு. செத்த குதிரைக்குக் கொள்ளு வேண்டாம் என்று தெரிந்த பிறகு உயிருள்ள குதிரைக்கு எவன் கொள்ளு வாங்குவான்? ஊர் மொத்தமாகச் சாமிக்கு விட்டுவிட்டது. அக்காவின் கொட்டகையில் ஏற்கெனவே நின்ற ஏழெட்டுக்கே தவிடு மறுநாளோடு தீருகிறது. இவற்றை எங்கே கொண்டுபோவது, எதைப் போடுவது, எத்தனை நாள் தாங்கும். வேலுத்தாய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்தபோது அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்துவிட்டது.

போர்வைகளைத் துவைத்தாள், காயவைத்தாள், பிரிந்த இடங்களை மிஷினில் ஓட்டினாள். கோடை விழா தொடங்குகிற அன்று, ஏரியில் மைக் செட் கட்டிக்கொண்டிருந்த காலை நேரத்தில், குதிரைகளை இன்னும் ஓட்டிப் போகாத வேளை பார்த்து, போர்வைகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போனாள். ஒவ்வொரு குதிரையின் ஜிகினாச் சேணத்தையும் அவிழ்த்துக் கீழே போட்டாள், அதனதன் போர்வையைப் போர்த்தினாள், காதில் பெயரைச் சொன்னாள். மணியார்டர், போதும், படு. ஞாயித்துக்கிழமை, போதும், படு. தாசில்தார், நீ எப்பவும் சொன்ன பேச்சு கேக்க மாட்ட, இன்னைக்குக் கேளு, போதும், படு. குதிரைகள் முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, எந்த வாசலில் நின்றனவோ அந்த வாசலில் படுத்தன. படுத்தவை செத்த குதிரைகளாகவே கிடந்தன, கனமாக, விறைப்பாக, கதவைத் திறக்க முடியாதபடி.

மத்தியானத்துக்குள் நாற்றம் எடுத்தது. விழாவுக்கு வந்த சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு மலையிறங்கியது. குதிரைக்காரர்கள் ஜன்னல் வழியாகக் குதித்து வெளியே வந்தார்கள். சந்துகளில் பொக்லைன் நுழையவில்லை. ஊர் முழுக்கப் பாறை, எங்கே தோண்டினாலும் முழங்கை ஆழத்தில் கடப்பாறை ணங்கென்று நின்றது. குதிரை கொள்ளும் ஆழத்துக்கு மண் இருந்த ஒரே இடம் அமலோற்பவத்தின் சரிவு, அவள் ஆயுள் முழுக்க வெட்டி வெட்டி இளக்கி வைத்திருந்த மண். அந்தச் சரிவின் வாசல் படலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

சீனிராசு முன்னால் வந்தான். கூலிங்கிளாஸ் இல்லை. "வேலுத்தாயக்கா, ஊர் மானம் போகுது. வழி விடுக்கா."

"விடுறேன். செத்த குதிரையோட வர்றவன் முதல்ல மார்க்கெட்டுக்குப் போயி நீ சாமிக்கு விட்டதைத் திருப்பிப் பிடிச்சுட்டு வா. எனக்கு முன்னால அதுக்குக் கயித்தைக் கட்டு. ஒரு மூட்டை கொள்ளு கொண்டாந்து இறக்கு. அப்புறம் குழி வெட்டு. நீதான் வெட்டணும், கூலிக்கு ஆள் விட்டா படலைத் தாண்ட விடமாட்டேன்."

"சாமிக்கு விட்டதை எப்படிக்கா திருப்பிக் கூட்டிட்டு வர்றது? குத்தமாயிராதா?"

"சாமி வேணாம்னு சொல்லிருச்சுடா," என்றாள் வேலுத்தாய். "உனக்குத்தான் இத்தனை வருசமாக் காது கேக்கல."

முணுமுணுத்தார்கள், போலீஸுக்குப் போவோம் என்றார்கள், பொம்பளைக்கு இவ்வளவு திமிரா என்றார்கள்; காற்று ஏரிப் பக்கமிருந்து திரும்பி நாற்றத்தைக் கொண்டுவந்ததும் மார்க்கெட்டுக்குப் போனார்கள். சாயங்காலத்துக்குள் சரிவு முழுக்கக் கயிற்றில் கட்டிய உயிருள்ள குதிரைகள் நின்று கொள்ளு தின்றன. மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் குதிரைக்காரர்கள் அத்தனை பேரும் இடுப்பளவு குழிக்குள் நின்று வெட்டினார்கள்.

சீனிராசு கடைசியாக அந்த வெள்ளைக் குதிரையை இழுத்து வந்தான். குழியில் இறக்கிப் போர்வையைச் சரிசெய்கிறபோது அவன் கை ஓரிடத்தில் நின்றது. ஒரு காக்கித் துண்டு, அதில் ஒரு குட்டிப் பை, பையின் வாய் பல்லால் கடித்துக் கடித்து நைந்திருந்தது. அப்பன் இல்லாமல் அவன் குதிரைக் கயிறு பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன காலத்தில் அமலோற்பவம் சும்மா தைத்துக் கொடுத்த நிக்கர். சின்னதாகிப்போனதும் அவன் அம்மா அவளிடமே திருப்பிக் கொடுத்தது. அந்தப் பையில் அவன் எப்போதும் குதிரைக்குக் கொள்ளு வைத்திருப்பான். குழிக்குள்ளேயே உட்கார்ந்து பெரிய ஆள் விக்கி விக்கி அழுதான்.

வேலுத்தாய்க்கு மனம் இளகவில்லை. அவன் கண்ணீரைத்தான் ஒரு மாதத்துக்கு மேலாகப் பேனரில் எழுதித் தொங்கவிட்டிருந்தானே. அதை வைத்து அவள் என்ன செய்வாள், குதிரைக்குப் போட முடியுமா?

"அழுதது போதும். காதுல பேரைச் சொல்லிப் படுன்னு சொல்லு."

"ராக்கெட்டு..." என்றான்.

"அது நீ வெச்ச பேரு. அதைத்தான் கடிவாளத்தோட கழட்டிட்டியே. போர்வை ஓரத்துல தச்சிருக்கு, படி."

மழைநீரில் மண்ணைத் துடைத்துவிட்டு மஞ்சள் நூலை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். நம்மாளு, என்று இருந்தது. அவனுக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. சொன்னபோது மண் சரிகிற சத்தத்தில் வேலுத்தாய்க்கே சரியாகக் கேட்கவில்லை, குதிரைக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் அவள் பேனரை அவிழ்த்து, கைகூப்பி நின்ற வரிசையைக் கத்தரித்து அடுப்பெரிக்கப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டாள். அமலோற்பவத்தின் முகம் கீழே பார்த்தபடி, தின்கிற குதிரைகளுக்குத் தெரிகிற மாதிரி. சீனிராசுதான் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"கோவம் போயிருச்சாக்கா?" என்று கேட்டான் அவள் இறங்கும்போது.

"போகல. நான் சாகுறவரைக்கும் போகாது," என்றாள். "வாளியை எடு. நாளைக்குக் கொள்ளு ஊறப் போடணும்."